பயிற்சியின் காலமும் சான்றிதழின் வேகமும்: இந்தியத் திறன் பயிற்சி அமைப்பின் சீர்திருத்தங்கள்

இந்தியாவில் தொழிற்பயிற்சி நடுவண் அரசின் பொறுப்பாக உருப்பெற்றது இரண்டாம் உலகப் போரின் முடிவிலாகும். படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945-இல் அமைக்கப்பட்ட இயக்குநரகமே, பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தோருக்கும் பயிற்சி அளித்து, பின்னர் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சிக்கான தலைமை இயக்குநரகமாக நிலைபெற்றது. 1950-இல் தொடங்கப்பட்ட கைவினைஞர் பயிற்சித் திட்டம் இன்று ஐ.டி.ஐ. என்று ஊரெங்கும் அறியப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அடிப்படையாயிற்று. இந்த நிலையங்களை யார் நடத்துவது என்ற கேள்விக்குச் சிவராவ் குழு 1954-இல் அளித்த விடையின்படி, 1956 முதல் அவற்றின் அன்றாட நிருவாகம் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றின் தரத்தை வகுக்கும் அதிகாரம் மட்டும் நடுவண் அரசிடமும் அது அமைத்த தேசியக் குழுவிடமும் இருந்தது. இந்தப் பங்கீடு அடுத்த எழுபது ஆண்டுக் காலச் சீர்திருத்தங்கள் அனைத்தின் எல்லையையும் வரையறுத்துவிட்டது. பாடத்தை மாற்றுபவர் ஒருவராகவும், அதைக் கற்பிக்கும் பயிற்றுநருக்குச் சம்பளம் தருபவர் மற்றொருவராகவும் இருக்கும் அமைப்பில், தில்லியில் எழுதப்படும் எந்தச் சீர்திருத்தமும் பட்டறையின் வாசலை எட்டுவதற்கு மாநிலங்களின் நிதிநிலையையும் பணி நியமன ஆணைகளையும் நம்பியே இருக்க வேண்டியிருந்தது.

தொடக்க காலத் திட்டத்தின் வலிமை அதன் கால அளவில் இருந்தது. பொருத்துநர், கடைசலர், இயந்திரப் பணியாளர், மின்பணியாளர் போன்ற முதன்மைத் தொழிற்பிரிவுகளில் பயிற்சி பெறுபவர் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் பட்டறையிலேயே நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். அரத்தால் இரும்பைச் சமதளமாக்கும் வேலையில் மாதக்கணக்கில் பழகிய பின்னரே எந்திரத்தைத் தொட்டார். பொதுத்துறை ஆலைகள், இரயில்வேப் பணிமனைகள், மின்வாரியங்கள் ஆகியவை இந்தச் சான்றிதழை வேலைக்கான தகுதியாக ஏற்றன. ஆகவே சான்றிதழுக்குச் சந்தையில் மதிப்பு இருந்தது. அந்த மதிப்பைத் தாங்கியது விரிவடைந்துகொண்டிருந்த பொதுத்துறை. அந்த விரிவு நின்றபோது சான்றிதழின் மதிப்பும் சரியத் தொடங்கியது என்பதைப் பிற்காலத்துச் சீர்திருத்தவாதிகள் பலர் பயிற்சியின் தரக் குறைவாக மட்டுமே வாசித்தனர். தரம் குறைந்தது உண்மைதான். எனினும் வேலை தருபவர் விலகிக்கொண்டதும் அதற்கு இணையான உண்மையாகும்.

வேலை தருபவரைப் பயிற்சிக்குள் கொண்டுவரும் முதல் பெருமுயற்சி 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமாகும். தொழில் பழகுநர் என்பவர் தொழிற்சாலைக்குள்ளேயே, குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்த அடிப்படையில், உதவித்தொகை பெற்றுக்கொண்டு வேலை கற்பவர். இச்சட்டத்தின் இரண்டு பிரிவுகள் அதன் பின்னைய வரலாற்றைத் தீர்மானித்தன. பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளர் அல்லர், ஆகவே தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்றது ஒரு பிரிவு. பயிற்சி முடிந்தபின் அவருக்கு வேலை தர வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்றது மற்றொன்று. முதலாளிகளோ, ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்று அரசு விதித்த விகிதத்தையும், மீறினால் சிறை என்ற அச்சுறுத்தலையும் வெறுத்தனர். விளைவாக, 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட காலத்தில் இத்தனை பெரிய நாட்டில் ஏறத்தாழ 3 லட்சம் பழகுநர்களே இருந்தனர். அவ்வாண்டுத் திருத்தம் சிறைத் தண்டனையை நீக்கியது, நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொள்ளும் தொழிற்பிரிவுகளுக்கு இடமளித்தது. 2019-ஆம் ஆண்டின் விதிகள் 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்று வகுத்து, உதவித்தொகையின் அடித்தளத்தை மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை உயர்த்தின. 2016-இல் வந்த தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்படி உதவித்தொகையில் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் என்ற வரம்புக்குள், அரசு ஏற்றது. அதன்பின் எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் தொழிலாளர் அல்லர் என்ற பழைய வரையறை அப்படியே நீடித்ததால், பழகுநர் என்ற பெயர் கற்பதற்கான வாயிலாகவும் மலிவான உழைப்புக்கான வாயிலாகவும் ஒருங்கே பயன்பட்டது.

இந்த இரட்டைத் தன்மையைத் தமிழ்நாடு கசப்பாக அறிந்திருக்கிறது. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று வழங்கிய ஏற்பாட்டில், ஏழைக் குடும்பங்களின் இளம்பெண்கள் பயிற்சியாளர் என்ற பெயரில் சுமார் மூன்றாண்டுகள் விடுதியிலேயே தங்கவைக்கப்பட்டு, இறுதியில் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை தரப்படும் என்ற வாக்குறுதியின்பேரில் குறைந்த கூலிக்கு வேலை செய்யவைக்கப்பட்டனர்; இடையில் நோயுற்றோ களைத்தோ வெளியேறியவர்கள் அந்தத் தொகையையும் இழந்தனர். சில வாரங்களில் கற்றுவிடக்கூடிய எந்திர வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சி எதற்கு என்ற எளிய கேள்வியைக் கேட்க வேண்டிய தொழிற்சாலை ஆய்வாளர்கள் கேட்கவில்லை. பயிற்சிக் காலத்தை யார் வகுக்கிறார், அதன் முடிவில் கற்றதை யார் சோதிக்கிறார் என்ற இரண்டும் முதலாளியின் கையில் மட்டுமே இருக்கும்போது, பணியிடப் பயிற்சி எவ்வளவு எளிதாகச் சுரண்டலாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பள்ளிக்குள் தொழிற்கல்வியைக் கொண்டுவரும் முயற்சிக்கும் தனி வரலாறு உண்டு. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி குழு அதை வலியுறுத்தியது. மேல்நிலைக் கல்வியைத் தொழில்சார்ந்ததாக்குவது குறித்து ஆராய்ந்த தேசிய மறுஆய்வுக் குழுவுக்குச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவிய மால்கம் ஆதிசேசையா தலைமை தாங்கினார். அக்குழுவின் அறிக்கை வெளிவந்த 1978-இல்தான் தமிழ்நாடு மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவுகளையும் தொடங்கியது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 25 விழுக்காட்டினரை 1995-க்குள் தொழிற்பிரிவுக்குத் திருப்புவதாகக் குறித்த இலக்கு எட்டப்படவேயில்லை. இதற்குப் பெற்றோரின் பட்டப்படிப்பு மோகமே காரணம் என்று கொள்கை ஆவணங்கள் அடிக்கடி குறைகூறுகின்றன. அந்தக் குறைகூறல் நியாயமற்றது. சென்னை மாகாணத்தில் 1953-இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அடையாளம் கண்டு எதிர்த்த மக்கள், மறு ஆண்டு காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்படுவதைக் கண்டனர். தலைமுறைகளாக உடலுழைப்பே சாதியின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட சமூகத்தில், பட்டம் என்பது அந்தச் சுமையிலிருந்து வெளியேறும் ஆவணம். அந்த ஆவணத்துக்கு மாற்றாக ஒரு தொழிற்சான்றிதழை நீட்டும் அரசு, அது உயர்கல்விக்கான வாயிலை அடைக்காது என்பதையும், அதற்குரிய ஊதியமும் மரியாதையும் உண்டு என்பதையும் முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013-இல் அறிவிக்கப்பட்டபோது, திறன்களைப் படிநிலைகளாக அடுக்கி, தொழிற்கல்வியிலிருந்து பொதுக்கல்விக்கும் மீண்டும் அங்கிருந்து இங்குமாக மாறிச் செல்ல வழிவகுப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. ஏட்டில் அமைந்த அந்த ஏணியில் உண்மையில் ஏறியவர்கள் மிகச் சிலரே.

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில் சீர்திருத்தத்தின் திசை அடியோடு மாறியது. ஒருபுறம் 1,396 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்தும் திட்டம் 2007-இல் வந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு தொழிலதிபரின் தலைமையில் நிருவாகக் குழு அமைக்கப்பட்டு, அதற்கு 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தரப்பட்டது. மறுபுறம், 2008-இல் அரசு 49 விழுக்காடும் தனியார் 51 விழுக்காடும் பங்கு கொண்ட தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. 2022-க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்ற இலக்கை 2009-ஆம் ஆண்டின் தேசியத் திறன் கொள்கை அறிவித்தது. அதில் 15 கோடி இந்தக் கழகத்தின் பங்கு. நாட்டின் மொத்தத் தொழிலாளர் தொகைக்கு ஏறத்தாழ நிகரான அந்த எண் எந்தக் கணக்கிலிருந்து பிறந்தது என்பது எப்போதும் தெளிவாக விளக்கப்படவில்லை. ஆயினும் அது செய்த வேலை பெரிது. அதுவரை எவ்வளவு நன்றாகக் கற்பித்தோம் என்று கேட்டுக்கொண்டிருந்த நிருவாகம், அதன்பின் எத்தனை பேருக்குக் கற்பித்தோம் என்று மட்டும் கேட்கத் தொடங்கியது. இரண்டாண்டுப் பயிற்சியால் அந்த எண்ணை எட்ட முடியாது என்பதால் சில வாரங்களிலும் சில மாதங்களிலும் முடியும் குறுகிய காலப் பயிற்சிகள் கொள்கையின் மையத்துக்கு வந்தன. ஆட்சி 2014-இல் மாறியபோதும் இந்தத் தருக்கம் மாறவில்லை. திறன் மேம்பாட்டுக்கெனத் தனி அமைச்சகம் உருவாயிற்று, இலக்கு 40 கோடி என்று திருத்தப்பட்டது, வேகம் கூடியது.

பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா 2015 சூலையில் தொடங்கப்பட்டது. அதன் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும், ஒரு கோடி இளைஞர்கள் என்ற இலக்குடன் 12,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. திட்டம் இயங்கிய முறையை விளங்கிக்கொண்டால் விளைவுகள் தாமே விளங்கும். பயிற்சிப் பங்காளர் எனப்படும் தனியார் நிறுவனம் வாடகைக் கட்டடத்தில் மையம் திறந்து ஆட்களைச் சேர்க்கும். அந்தந்தத் துறையின் தொழில் அமைப்புகளால் உருவாக்கப்பட்ட துறைசார் திறன் குழு பாடத்தை வகுக்கும். அக்குழு ஏற்பளித்த மதிப்பீட்டாளர் வந்து தேர்வு நடத்துவார். சான்றிதழையும் அதே குழு வழங்கும். பயிற்சிக் கட்டணத்தில் 30 விழுக்காடு தொடக்கத்திலும், 50 விழுக்காடு சான்றிதழ் பெற்றதும், எஞ்சிய 20 விழுக்காடு வேலை கிடைத்ததற்கான சான்று காட்டியபோதும் பங்காளருக்குச் சேரும். பயிற்சி பெற்றவருக்கு வேலை கிடைக்காவிட்டாலும் ஐந்தில் நான்கு பங்கு பணம் கைக்கு வந்துவிடும் என்பதும், தேர்ச்சி விகிதம் உயர்வதில் பங்காளர், மதிப்பீட்டாளர், குழு ஆகிய மூவருக்குமே நலன் உண்டு என்பதும் இந்த அமைப்பினுள்ளேயே பொதிந்திருந்தன. இத்தகைய ஏற்பாட்டில் நேர்மையாக நடத்தப்பட்ட மையங்களும் இருந்தன. ஆனால் அவற்றின் நேர்மைக்கு அமைப்பு எந்தப் பரிசும் வைத்திருக்கவில்லை.

இலக்கை எட்ட உதவிய இன்னொரு கருவி, முன்கற்றலுக்கான அங்கீகாரம் என்பது. பள்ளிக்கோ பயிற்சி நிலையத்துக்கோ செல்லாமல் பணியிடத்திலேயே தொழில் கற்ற கொத்தனார், தையற்காரர், ஓட்டுநர் போன்றோரின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் இந்த எண்ணம் போற்றத்தக்கது. திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும் கோவையின் வார்ப்படச் சாலைகளிலும் பம்புத் தொழிலிலும் திறமையின் பெரும்பகுதி முறைசாரா வழியிலேயே கைமாறி வந்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் சில மணி நேர அறிமுக வகுப்பும் ஒரு மதிப்பீடும் மட்டுமாகச் சுருங்கிப்போன இந்த அங்கீகாரம், ஏற்கெனவே வேலையில் இருப்பவரைத் திட்டத்தால் பயிற்றப்பட்டவராகக் கணக்கில் சேர்த்ததேயன்றி, அவருடைய கூலியை உயர்த்தவில்லை. கூலி உயராத சான்றிதழைத் தொழிலாளர் பெட்டியில் வைத்துவிட்டுப் பழைய வேலைக்கே சென்றார்.

எச்சரிக்கைகள் இல்லாமல் இல்லை. தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறைகளைக் கணக்குத் தணிக்கைத் துறை 2015-லேயே சுட்டியது. துறைசார் திறன் குழுக்களைச் சீரமைப்பதற்காக 2016-இல் அமைக்கப்பட்ட சாரதா பிரசாத் குழு, பாடம் வகுப்பதும் சோதிப்பதும் சான்றளிப்பதும் ஓரிடத்தில் குவிந்திருப்பதால் எழும் நலன் முரண்பாட்டை வெளிப்படையாக எழுதி, குழுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கவும், அவசரகதியான குறுகிய காலப் பயிற்சியைக் கைவிட்டு உண்மையான தொழிற்கல்வியை வலுப்படுத்தவும் பரிந்துரைத்தது. பரிந்துரைகளுள் அரசுக்கு எளிதானவை மட்டும் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் முதன்மையானது, சிதறிக் கிடந்த ஒழுங்குமுறை அதிகாரங்களை ஒன்றாக்கி 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2020-இல் செயற்படத் தொடங்கிய தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமம். சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுக்கும் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கும் அங்கீகாரம் தரும் இந்த ஒற்றை ஒழுங்குமுறையாளர் தேவையான ஒன்றே. அது ஐந்தாண்டு முன்பே வந்திருந்தால் பெருந்தொகை வீணாகியிராது. பிரதமரின் பயிற்சித் திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களை ஆராய்ந்து 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, பதிவுபெற்ற பயனாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானோரின் வங்கிக் கணக்கு விவரப் பகுதி வெற்றாகவோ பொருளற்ற குறிகளால் நிரம்பியோ இருந்ததையும், குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றோரில் பாதிக்கும் குறைவானவர்களே வேலையில் அமர்ந்ததையும் பதிவு செய்தது. இவற்றை ஊழல் என்று மட்டும் பார்த்தால் போதாது. சேர்க்கை எண்ணிக்கையையும் சான்றிதழ் எண்ணிக்கையையும் மட்டுமே மேலிடம் கேட்டபோது, பயிற்சி பெற்ற மனிதர் யார், இப்போது எங்கிருக்கிறார் என்ற விவரங்கள் யாருக்கும் தேவைப்படாதவையாகிவிட்டன.

இந்தப் பிற்காலச் சீர்திருத்தங்களுக்கு நியாயம் கற்பிக்க மேற்கோள் காட்டப்பட்ட ஓர் ஒப்பீடு உண்டு. இந்தியத் தொழிலாளர்களில் முறையான பயிற்சி பெற்றவர்கள் 4.69 விழுக்காடு மட்டுமே, செருமனியில் 75, தென்கொரியாவில் 96 என்று 2015-ஆம் ஆண்டின் தேசியத் திறன் கொள்கை எழுதியது. அந்த ஒப்பீடு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை உண்டாக்கிய ஏற்பாட்டை விட்டுவிட்டது. செருமனியின் இரட்டை முறையில், அதாவது வாரத்தின் சில நாள்கள் தொழிற்பள்ளியிலும் எஞ்சிய நாள்கள் நிறுவனத்திலும் கற்கும் முறையில், பயிற்சி பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் நீடிக்கிறது. 1969-ஆம் ஆண்டின் தொழிற்கல்விச் சட்டத்தின்கீழ் பாட வரையறைகளை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அரசும் கூடி வகுக்கின்றனர். இறுதித் தேர்வைத் தொழில் வணிகச் சபைகள் நடத்துகின்றன, அத்தேர்வுக் குழுக்களில் தொழிலாளர் பிரதிநிதிகளும் அமர்கின்றனர். இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட சீர்திருத்தங்களில் தொழிற்சங்கங்களுக்கு இடமேயில்லாமல் போனதைப் பெரும்பாலான அறிக்கைகள் ஒரு குறையாகக்கூடப் பதிவு செய்யவில்லை. வேலையின் நுணுக்கத்தை நன்கறிந்தவரும், பயிற்சி என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றை முதலில் கண்டுகொள்பவரும் ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் தொழிலாளர்தாம் என்பதால் இது சிறிய விடுபாடு அன்று.

நிதி குறித்த கேள்வியிலும் பிற நாடுகளின் அனுபவம் பயன்தரும். பிரேசிலில் 1942-இல் தொடங்கப்பட்ட தொழில்துறைப் பயிற்சி அமைப்பு நிறுவனங்களின் ஊதியச் செலவின்மீது விதிக்கப்படும் தீர்வையால் நடக்கிறது. சிங்கப்பூர் 1979-இல் இதே வகை நிதியம் ஒன்றை ஏற்படுத்தியது. பிரிட்டன் 2017 முதல், ஆண்டு ஊதியச் செலவு 30 இலட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடம் அரை விழுக்காடு தீர்வை பெறுகிறது. தீர்வையின் பொருளாதாரத் தருக்கம் எளியது: ஒரு நிறுவனம் செலவழித்துப் பயிற்றியவரை மற்றொரு நிறுவனம் செலவின்றி இழுத்துக்கொள்ள முடியுமாயின் யாரும் பயிற்ற மாட்டார்கள், ஆகவே எல்லோரும் பணம் போட்டுப் பயிற்றுபவர் அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு தேவைப்படுகிறது. சாரதா பிரசாத் குழுவும் திரும்பப் பெறத்தக்க தொழில்துறைப் பங்களிப்பு ஒன்றைப் பரிந்துரைத்தது. பெருந்தொழில் நிறுவனங்கள் அதை விரும்பவில்லை, அரசும் வற்புறுத்தவில்லை. பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் முறைசாரா வேலையில் இருக்கும் நாட்டில் தீர்வையைப் பெருநிறுவனங்களிடம் மட்டுமே வசூலிக்க முடியும் என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பெருநிறுவனங்களின் உதிரிபாகங்களைச் செய்து தருபவை அம்பத்தூரிலும் ஓசூரிலும் உள்ள சிறு பட்டறைகள்தாம் என்பதால், அவர்களிடம் பெற்று இவர்களின் பட்டறைகளில் செலவிடுவது அநீதியாகாது.

தமிழ்நாடு மேற்கொண்ட வழி சற்று வேறானது. 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டம், தனி மையங்களைத் திறப்பதற்குப் பதிலாகக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே தொழில்சார் பாடங்களைச் சேர்த்தது. அத்துடன் மாநிலம் தன் அரசு ஐ.டி.ஐ.களில் 71 நிலையங்களை 2,877 கோடி ரூபாய் செலவில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து புதுப்பித்தது. எண்ணியல் கட்டுப்பாட்டுக் கடைசல் எந்திரங்கள், எந்திரக் கைகள், மின்வாகனப் பயிற்சிக் கூடங்கள் முதலியவை அவற்றில் நிறுவப்பட்டன. பல பத்தாண்டுகள் பழமையான கடைசல் எந்திரத்தில் கற்றுவிட்டு ஒரகடத்தின் தானியங்கி ஆலைக்குள் நுழைந்த இளைஞரின் திகைப்பை அறிந்தவர்கள் இந்த முதலீட்டைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். நீண்ட காலப் பயிற்சி நிலையத்தை மூலதனம் பெறத்தக்கதாகக் கருதியதே இதன் சிறப்பு. பெண்களைப் பொறுத்தவரை மாற்றம் இன்னும் மெதுவாகவே நடக்கிறது. தையல், அழகுக்கலை, கணினி இயக்கம் ஆகிய பிரிவுகளிலேயே அவர்கள் குவிக்கப்படுவது தொடர்கிறது. மின்னணு ஆலைகள் ஆயிரக்கணக்கில் பெண்களை வேலைக்கு எடுக்கும் திருப்பெரும்புதூர் வட்டாரத்திலும், எந்திரத்தைப் பழுதுபார்க்கும் உயர் ஊதியப் பணிகளுக்கான பயிற்சியில் அவர்கள் குறைவாகவே தென்படுகின்றனர்.

நடுவண் அரசின் அண்மைய சீர்திருத்தமும் ஐ.டி.ஐ.க்கே திரும்பியிருப்பது கவனிக்கத்தக்கது. 2025 மே மாதம் அமைச்சரவை ஏற்பளித்து அக்டோபரில் தொடங்கப்பட்ட திட்டத்தின்படி 1,000 அரசு ஐ.டி.ஐ.கள், 200 மைய நிலையங்களும் அவற்றுடன் இணைந்த 800 கிளை நிலையங்களுமாக மேம்படுத்தப்படும். 60,000 கோடி ரூபாய்ச் செலவில் 30,000 கோடியை நடுவண் அரசும், 20,000 கோடியை மாநிலங்களும், 10,000 கோடியைத் தொழில்துறையும் ஏற்கும். தொழில் நிறுவனம் ஒன்றின் தலைமையில் அமையும் தனிச்செயல் அமைப்பு நிலையங்களை நடத்தும். பத்தாண்டுக் காலம் குறுகிய பயிற்சிகளுக்குச் சென்ற கவனம் பட்டறைக்குத் திரும்புவது வரவேற்கத்தக்கது. எனினும் 2007-ஆம் ஆண்டுத் திட்டத்திலும் தொழிலதிபர் தலைமையும் தாராளமான கடனும் இருந்தன. பல இடங்களில் அந்தப் பணம் செலவிடப்படாமலே வங்கியில் தங்கியது, ஏனெனில் பணம் வைத்திருந்த குழுவுக்குப் பயிற்றுநரை நியமிக்கும் அதிகாரம் இல்லை. நாட்டிலுள்ள ஏறத்தாழ 15,000 ஐ.டி.ஐ.களின் மொத்த இடங்களில் பாதியளவே நிரம்புகின்றன என்பதையும், அரசு நிலையங்கள் பலவற்றில் பயிற்றுநர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாக இருப்பதையும் புதிய எந்திரங்களால் மாற்ற முடியாது. ஆலையில் பத்தாண்டு அனுபவம் பெற்ற கைதேர்ந்த தொழிலாளர் ஒருவர், ஒப்பந்தப் பயிற்றுநருக்குத் தரப்படும் ஊதியத்துக்காகத் தம் வேலையை விட்டு வருவார் என்று எதிர்பார்ப்பதற்கு இல்லை. நிரந்தர நியமனம், ஆலை அனுபவத்தையும் பணிக்காலமாகக் கணக்கிடும் ஊதிய விதி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிற்றுநரே ஆலைக்குச் சென்று புதிய எந்திரத்தில் பழகிவர ஊதியத்துடன் விடுப்பு ஆகிய மூன்றும் மாநில அரசுகளின் பணி விதிகளில் எழுதப்பட வேண்டியவை. மாநிலங்கள் ஏற்கவிருக்கும் 20,000 கோடி ரூபாயில் எவ்வளவு கட்டடத்துக்கும் எந்திரத்துக்கும் செல்லும், எவ்வளவு இந்தப் பணியிடங்களுக்குச் செல்லும் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனது செயல்திட்டத்தில் வெளிப்படையாக அறிவிக்கும்படி கோருவது சட்டமன்றங்களின் உடனடி வேலையாகும்.